மலை மேலே ஓர் ஆண்டி... மலையடியில் ஓர் ஆண்டி!

திருச்சி - சென்னை தேசிய நெடுஞ்சாலையில், பாடாலூரில் இருந்து பிரியும் சாலையில் சென்றால் செட்டிகுளம் வந்துவிடும். பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டத்தைச் சேர்ந்த, சின்ன வெங்காயம் விளைகிற அழகிய ஊர். ஊருக்குள் காமாட்சி அம்பாளுடன் அருள்பாலிக்கிறார் ஏகாம்பரேஸ்வரர். அருகில் குன்றின் மீது குடிகொண்டிருக்கிறார் தண்டாயுதபாணி ஸ்வாமி.

ஏகாம்பரேஸ்வரர் ஆலயத்தில் குபேரனின் சிற்பங்கள் விசேஷம். ராசிக்கு ஒரு குபேரன் என்று சொல்லி, பக்தர்கள் தங்கள் ராசிக்கு உரியவரைத் தேடிப்பிடித்து வணங்குகிறார்கள். கடன் தீர வேண்டும், வீடு கட்ட வேண்டும், பெண்ணின் கல்யாணத்துக்குப் பணம் சேர வேண்டும்... எத்தனை எத்தனை பிரார்த்தனைகள்!

அப்படியே படியேறி மேலே வாருங்கள். அங்கே நிற்பவனோ, எதுவும் வேண்டாம் என்று உதறிவிட்டு வந்த பிள்ளை. கீழே குபேரன்... மேலே ஆண்டி! தண்டாயுதபாணி என்றாலே கையில் தண்டம் இருக்கும் அல்லவா? செட்டிகுளத்தில் மட்டும் முருகப்பெருமான் கரும்பு ஏந்திக் காட்சி தருகிறான். கரும்பு வில் ஏந்தியவள் அன்னை காமாட்சி. அம்மாவின் கையில் உள்ளது பிள்ளையின் கைக்கும் வந்துவிட்டது போலும்!

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள், சகோதரிகளே!

பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் புறப்பட்டு, மலையேறி நின்றவன் முருகன். அந்தக் கதையை நம் குழந்தைகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்போம். அதில் நாம் அழுத்திச் சொல்லாத இடம் ஒன்று உண்டு. பிள்ளை போய்விட்டான் என்றதும் அம்மையும் அப்பனும் கயிலையில் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. அவனைத் தேடிக்கொண்டு வந்தார்கள். சமாதானம் சொன்னார்கள்.

மலையடிவாரத்தில், கோயில் வாசலில், பேருந்து நிலையத்தில், மேம்பாலத்தின் கீழே அழுக்குத் துணியோடு படுத்திருக்கிறாரே ஒருவர்... அவரும் ஏதோ ஒரு வீட்டை விட்டு வந்தவர்தான். மனம் பேதலித்து வந்திருக்கலாம். மகன் இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். வேலை தேடி வந்த இடத்தில் எல்லாவற்றையும் இழந்திருக்கலாம். மலை மேல் இருப்பவனைத் தேடி அம்மா வந்தாள். மலையடியில் இருப்பவரைத் தேடி யாரும் வரவில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வீடற்றவர்கள் சுமார் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். தேடி வராத அம்மாக்களின் இடத்தில் யார் நிற்பது?

ஈரம் துடைத்த பிறகே இலை!

'நாங்கள்தான் பிறந்தநாள், திருமணநாள் தவறாமல் அன்னதானத்துக்குப் பணம் கட்டுகிறோமே' என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. புண்ணியமான காரியம். தமிழகக் கோயில்களில் 2002-ல் அரசு தொடங்கிய அன்னதானத் திட்டத்தால் எத்தனையோ வயிறுகள் குளிர்கின்றன. ஆனாலும், அமாவாசை அன்று கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவரின் பக்கத்தில் பாருங்கள். நான்கு புளியோதரைப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் கிடக்கும். அவர் காலில் உள்ள புண்ணில் ஈ மொய்த்துக்கொண்டிருக்கும். ஐந்தாவது பொட்டலம் அவருக்கு எதற்கு?

இளையான்குடி மாற நாயனாரின் சரிதத்தை நினைத்துப் பாருங்கள். கொட்டும் மழையில், நள்ளிரவில் வந்து கதவைத் தட்டுகிறார் ஓர் அடியவர். வீட்டில் குன்றிமணி அரிசி இல்லை. நாயனார் முதலில் என்ன செய்தார்? வந்தவரின் மேனி ஈரத்தைத் துடைத்தார். இருக்க இடம் தந்தார். அதன் பிறகே சோற்றுக்கு என்ன செய்வது என்று மனைவியிடம் கேட்டார். அன்று பகலில் வயலில் விதைத்த நெல்லை வாரி வரலாம் என்று வழி சொன்னவர் அந்த அம்மையார்தான். விறகுக்கு வீட்டுக் கூரையின் கொம்புகளையே அறுத்துப் போட்டார் நாயனார். குழியில் இருந்த இளங்கீரையைப் பறித்து வந்தார். அந்த ஒரே கீரையை விதவிதமாகச் சமைத்து விருந்தாக்கினார் அம்மையார்.

முதலில் ஈரம் துடைப்பது, அடுத்து இடம் தருவது, பிறகு இலை போடுவது. இதுதான் வரிசை. நாமோ கடைசியில் செய்ய வேண்டியதை மட்டும் செய்துவிட்டு வீடு திரும்பிவிடுகிறோம்.

நடுநிசியில் ஒலித்த மணி

தஞ்சையை ஆண்ட சரபோஜி மன்னர், 1801-ஆம் ஆண்டு ஆங்கிலேய ரெசிடென்ட் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராமேஸ்வர யாத்திரைப் பாதையில் தம் முன்னோர் அமைத்த சத்திரங்களில் என்னென்ன நடக்கின்றன என்று அதில் விவரித்திருக்கிறார். எல்லா ஜாதியினருக்கும் சாப்பாடு உண்டு. நோயுற்று வருபவருக்குக் குணமாகும் வரை மருந்தும் பத்தியமும் உண்டு. பிரசவ வலியோடு வரும் பெண்ணுக்குக் கவனிப்பு உண்டு. தாய் தந்தை இல்லாத குழந்தைகளுக்குப் படிப்பு உண்டு. வழியில் இறந்துபோகிறவருக்கு அவரவர் முறைப்படி ஈமக்கிரியையும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு செய்தி. நடுநிசியில் ஒரு மணி அடிப்பார்களாம். 'இன்னும் சாப்பிடாதவர்கள் யாரேனும் இருந்தால் வாருங்கள்' என்று அழைப்பதற்காக! யார் விட்டுப்போனார்கள் என்று தேடுகிற மணி அது. அன்னை காமாட்சியின் மனசுதான் அந்த மணியாக ஒலித்திருக்க வேண்டும்.

அநாதையாக இறந்தவருக்கு இறுதிக் காரியம் செய்தால் அஸ்வமேத யாகம் செய்த பலன் என்பார்கள் பெரியோர்கள். மூச்சு இருக்கும்போதே அவர் அநாதை இல்லை என்று ஆக்கினால்..? பலனைக் கணக்கிட நம்மால் ஆகுமா!

இரண்டு பெண்கள் தொடங்கியது

'இதெல்லாம் ராஜா செய்கிற காரியம், நாம் என்ன செய்ய முடியும்' என்கிறீர்களா? சென்னையில் 1993-ல் நடந்ததைக் கேளுங்கள். மனநலம் குன்றி, வீதியில் அலைந்துகொண்டிருந்த பெண் ஒருவரைப் பார்த்தார்கள் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள். அவரை எங்கே சேர்ப்பது என்று அலைந்து பார்த்தும், சரியான இடம் அமையவில்லை. இடம் இல்லையென்றால் நாமே ஓர் இடம் அமைப்போம் என்று அவர்கள் தொடங்கியதுதான் 'தி பான்யன்' அமைப்பு. வீதியில் திரிந்த பெண்களுக்கு இருப்பிடமும் சிகிச்சையும் தந்து, குணமானவர்களின் பேச்சில் வரும் ஊர்ப் பெயரையும் உறவின் பெயரையும் பிடித்துக்கொண்டு குடும்பத்தைத் தேடிச் சேர்த்தார்கள். திரும்பிப்போக வீடே இல்லாதவர்களுக்காக, 2015-ல் இன்னொரு வழியும் கண்டார்கள். சாதாரணத் தெருவில், சாதாரண வீட்டில், நான்கைந்து பேர் ஒரு குடும்பமாகச் சேர்ந்து வாழ்வது! அடுப்பு அவர்களுடையது, வாசல் கோலமும் அவர்களுடையது.

அம்பாள் தேடி வந்தாளே... இதுவும் அதே வேலைதான்.

கரும்பு சொல்லும் பாடம்

செட்டிகுளத்தானின் கையில் ஏன் கரும்பு? அடியேனுக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கரும்பு ஒருநாள் தண்ணீரில் வளர்வதில்லை. பத்துப் பன்னிரண்டு மாதங்கள் விடாமல் பாய்ச்ச வேண்டும். ஒவ்வொரு கணுவாகத்தான் வளரும். தொண்டும் அப்படித்தான். வருஷத்தில் ஒருநாள் நூறு பேருக்கு இலை போடுவதைவிட, பத்தே பேரை வாரம் தவறாமல் பார்ப்பது கடினம். ஆனால், அதில்தான் சாறு இருக்கிறது!

உங்கள் குடியிருப்பில் விளக்கு பூஜைக்கு ஒன்றுசேர்கிற ஐந்தாறு பேர் போதும். ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம். தனியாகப் போக வேண்டாம். காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சேர்ந்தே போங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். முதலில் பெயரைக் கேளுங்கள். 'ஏய் பெரியவரே' என்று அழைக்கப்பட்டே பழகியவரை, அடுத்த வாரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள்... அந்த முகத்தில் வரும் வெளிச்சம் எந்தத் தீபாராதனைக்கும் குறைந்ததல்ல.

என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுங்கள். புண்ணுக்குக் கட்டு, முடிவெட்ட ஏற்பாடு, ஒரு லுங்கி, ஒரு நைட்டி, பெண்களுக்கு நாப்கின், குளிக்க ஓர் இடம் என்று தேவைகள் சிறியவைதான். போட்டோ மட்டும் எடுக்காதீர்கள். வரமாட்டேன் என்பவரைக் கட்டாயப்படுத்தி வண்டியில் ஏற்றாதீர்கள்.

உடம்புக்கு முடியாதவருக்கு 108 ஆம்புலன்ஸ். கைவிடப்பட்ட முதியவர் என்றால் 14567. மனநல ஆலோசனைக்கு 14416. மனநலம் பாதித்துத் திரிபவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதை, 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் காவல் துறையின் கடமையாக்கியிருக்கிறது. பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே வலியுறுத்தியது. சென்னையில் மாநகராட்சியின் இரவுக் காப்பகங்களைச் சிறு தொண்டு அமைப்புகளே நடத்திவருகின்றன. அங்கே விசாரியுங்கள். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்று, ஆதார் அட்டை வாங்கவும் உதவும். முகவரி இல்லாதவருக்கு முதியோர் ஓய்வூதியம் எப்படிக் கிடைக்கும்? தமிழக அரசு 2023-ல் 1,200 ரூபாயாக உயர்த்திய அந்த மாதத் தொகை, பிச்சை எடுத்தவரை 'என் பணம்' என்று சொல்ல வைக்குமே!

கணக்கும் ஒரு பூஜையே!

காரியம் வளர்ந்தால் முறைப்படி பதிவு செய்யுங்கள். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம். சங்கம் என்றால் குறைந்தது ஏழு உறுப்பினர்கள். வங்கிக் கணக்கு, ரசீதுப் புத்தகம், ஆண்டுதோறும் தணிக்கை என எல்லாம் வேண்டும். பத்து ரூபாய் தந்தவருக்கும் ரசீது கொடுங்கள். ஒருவரைத் தங்கவைப்பதாக இருந்தால், உரிமம் வாங்கிய பிறகே செய்யுங்கள்.

ஏன் இத்தனை கண்டிப்பு? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். தெய்வத்தின் நிழலைத் தேடி உறவினர்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் உரிமமும் கண்காணிப்பும் இறுகின. திருச்சி மாவட்டம் குணசீலத்தில், மனநலம் வேண்டி வருபவர்கள் பிரசன்ன வேங்கடாசலபதி பெருமாளின் தீர்த்தத்தையும் பெறுகிறார்கள். அங்குள்ள உரிமம் பெற்ற மறுவாழ்வு மையத்தில் மருத்துவரின் மாத்திரையையும் பெறுகிறார்கள். பக்தியும் மருந்தும் கைகோத்து நிற்க வேண்டிய இடம் அதுதான்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொண்டில் மனம் நோகும். குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, நன்றாகத் தேறியவர் ஒருநாள் சொல்லாமல் போய்விடுவார். தேடிக் கண்டுபிடித்த குடும்பம், 'எங்களுக்கு வேண்டாம்' என்று கதவைச் சாத்தும். 'வீட்டு வேலையை விட்டுவிட்டு இது எதற்கு' என்று நம் வீட்டிலேயே கேட்பார்கள். அப்போதும் அடுத்த வாரம் அதே நேரத்துக்கு, அதே இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். அம்பாள் கூப்பிட்டதும் முருகன் உடனே இறங்கி வந்துவிட்டானா, என்ன? இன்றைக்கும் மலை மேல்தான் நிற்கிறான். அதற்காகத் தேடி வந்தவளின் அன்பு பொய்யாகிவிடுமா?

அடுத்த முறை செட்டிகுளம் போகும்போது, குபேரனிடம் உங்கள் வீட்டுக்கு வேண்டியதைத் தயங்காமல் கேளுங்கள். பிறகு மலையேறி, கரும்பு ஏந்திய கந்தனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'உன்னைத் தேடி வந்த அம்மாவின் கால்களை எனக்கும் கொடு!'

நிச்சயம் கொடுப்பான். இறங்கி வரும்போது, அந்தக் கால்கள் நேராக எங்கே போக வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.