நற்பெயரும் கிறிஸ்தவ வாழ்வும்

நற்பெயர் செல்வத்தினும் மேலானதென நீதிமொழிகள் என்னும் நூல் போற்றுகின்றது. எல்லோரும் புகழும் நிலைக்கு அஞ்சுமாறு லூக்கா நற்செய்தியில் இயேசு எச்சரிக்கின்றார். இவை முரண்படுவனவா? பெற்ற பெயரைப் பிறர்பொருட்டு இழக்கத் துணிந்தவனிடம் முரண்படா எனலாம்.

இதற்கு மட்டக்களப்பு வாவிக்கரையிலேயே சான்றுண்டு. அமெரிக்காவின் லூசியானாவிற் பிறந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹெபர் அடிகளார் 1948இல் இலங்கை வந்தவர். புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராக அவர் பெற்ற பெயர் பெரிது. மேடைப்பேச்சால் வந்த பெயரன்று. மைதானத்து வியர்வையால் வந்தது.

1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் படுகொலைகள் நிகழ்ந்தன, பழிவாங்கலும் தொடர்ந்தது. அந்நாளில் நகருக்குள் தங்கியிருந்தாலும் அடிகளாரின் பெயருக்கு இழுக்கு நேர்ந்திராது. அவரோ வாழைச்சேனையிலிருந்த அருட்சகோதரியரின் பாதுகாப்பை முன்னிட்டு அங்கு சென்றார். ஆகஸ்ட் 15ஆம் நாள் மட்டக்களப்பு நோக்கித் திரும்புகையில், உடன்வந்த தமிழ் இளைஞரோடு காணாமற்போனார்.

நாற்பதாண்டுக்கு மேலாக ஈட்டிய நற்பெயர் அவரைக் காக்கவில்லை. தம்மைக் காக்கும் கவசமென அதனை அவர் கருதியிருப்பின் அப்பாதையிற் சென்றிரார். வாணிகன் முதலைப் பெருக்குவதற்கே செலவிடுவான். அடிகளாரோ திரும்பிவாராதென அறிந்தும் செலவிட்டார் போலும்.

ஆயினும் ஒன்று நெஞ்சை உறுத்துகின்றது. அடிகளாரின் பெயர் கடல்கடந்தும் நினைக்கப்படுகின்றது. உடன்சென்ற இளைஞரைப்பற்றி வினவுவோர் சிலரே. ஊரார் வழங்கும் புகழ் அவ்விருவர்க்கும் ஒரே அளவிற் கிட்டவில்லை. சென்ற பாதையோ ஒன்றே.