விறாந்தை இல்லாத மழை

இங்கிலாந்தை மழையின் தேசமென்று எண்ணிப் பழகிய நம்மவர்க்கு, இலண்டன் மாநகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைக் காட்டிலும் யாழ்ப்பாணத்து நல்லூரிலே பெய்யும் மழை ஏறக்குறைய இருமடங்கு என்று சொன்னால் எளிதில் நம்பிக்கை உண்டாகாது. அங்கே வருஷமொன்றுக்குச் சராசரியாக 600 மில்லிமீற்றர் அளவில்தான் மழை. யாழ்ப்பாணத்திலோ 1,200 மில்லிமீற்றருக்கு மேல். ஆயினும் நமது மழை, ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையுள்ள மாரிகாலத்துக்குள்ளே பெரும்பகுதியைக் கொட்டி, சுண்ணாம்புக்கல் நிலத்தினூடே இறங்கிக் கிணறுகளை நிறைத்து, வற்றாத ஆறொன்றும் இல்லாத இந்தக் குடாநாட்டுக்கு ஒரு வருஷத்துக்கான சீவனத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. அவர்களுடைய மழையோ எந்த மாதத்தையும் தனக்குரியதாகக் கொள்ளாமல், எந்த மாதத்தையும் விட்டுவிடாமல், கோடை நடுவிலுங்கூடத் துமியாகவும் தூற்றலாகவும் வந்துகொண்டேயிருக்கிறது. மனிதனைச் சோர்வடையச் செய்வது மழையின் அளவன்று என்பது இதனால் ஒருவாறு விளங்கும். அப்படியானால் சோர்வுக்குக் காரணம் வேறு என்ன என்ற வினா என்னை நெடுங்காலமாகத் தொடர்ந்து வருகிறது.

2012 ஆம் ஆண்டு இலண்டனின் ஹரோவிலே என் தமக்கையாருடன் சில காலம் தங்கியிருந்தபோதுதான் அந்த வினா முதலில் எழுந்தது. வான்மண்டலத்தின் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே விரையும் பெருங்காற்றோட்டம் தன் வழக்கமான பாதையை விட்டுத் தெற்கே இறங்கிவிட்டமையால், 1912 இற்குப் பின் அந்நாடு கண்ட கோடைகளுள் மிகுதியான மழை பெய்த கோடையாக அது அமைந்தது. ஆனி மாதத்தில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு, துவைத்த உடுப்புகளை அதன்மேல் விரித்து, அவற்றின் ஈரம் யன்னற் கண்ணாடியில் ஆவியாகப் படிந்து வழிய, சுவரின் மூலையிலே பூஞ்சணம் கறுப்பாகப் படர்வதை வாரந்தோறும் துடைத்துக்கொண்டு அந்த வீடு இயங்கியது. பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிய பின்னர் பிள்ளைகளும் உள்ளேயே அடைபட்டார்கள். அவர்களுக்கு விளையாட்டுக் கருவிகள் இருந்தன. வேலைக்குப் போகும் மருமகளுக்கும் அவள் கணவனுக்கும் வேலை இருந்தது. அக்காவுக்கு இருந்தது ஒரு கதிரையும் ஒரு யன்னலுந்தான்.

“கோடை வரட்டும், வெளிக்கிடுவம் எண்டுதான் மாரி முழுக்க இருந்தனான், தம்பி. வானம் விடுதில்லையே” என்று ஒருநாள் சொன்னார். அதில் முறைப்பாட்டின் சாயல்கூட இல்லை. அந்த வாக்கியத்தின் கனம் எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. குளிர்காலத்தில் வழுக்கும் நடைபாதைகளுக்கு அஞ்சி, பிற்பகல் நான்கு மணிக்கே இருளும் வீதிகளுக்கு அஞ்சி, ஏழெட்டு மாதங்கள் வீட்டினுள்ளே தங்கிவிடும் முதியவர்க்குக் கோடை என்பது உல்லாச காலமன்று. ஆண்டு முழுவதிலும் வெளியுலகத்தோடு தொடர்புகொள்ளக் கிடைக்கும் ஒரே தவணை அது. அது நனைந்து கழிந்தால் அவர்களுக்கு ஒரு வருஷமே கழிந்துபோகிறது. எழுபதைத் தாண்டியவர்க்கு ஒரு வருஷம் எவ்வளவு பெரிது!

அந்நாட்டு மக்கள் அதே மழையை எவ்வாறு எதிர்கொள்கிறார்கள் என்று கவனித்தேன். அவ்வாண்டு யூன் 3 ஆம் தேதி, எலிசபெத் மகாராணியார் அரியணையேறி அறுபதாண்டு நிறைந்ததைக் கொண்டாடும் பொருட்டுத் தேம்ஸ் நதியிலே நூற்றுக்கணக்கான படகுகள் பவனி சென்றன. மழை பெய்தது, பவனி நிற்கவில்லை. பாடகர் குழுவினர் முழுக்க நனைந்தபடி பாடினார்கள். கரையிலே குடைகளின் கீழ் சனங்கள் நின்றார்கள். இந்த மன உறுதியை நான் மெய்யாகவே மதிக்கிறேன். ஆனால் அதைவிட முக்கியமானதாக எனக்குத் தோன்றியது பஸ் தரிப்பிடத்திலே நடக்கும் சிறு பேச்சு. ஒருவரையொருவர் அறியாத இருவருள் ஒருவர், வானத்தைப் பார்த்து, இன்றைக்கும் விடாது போலிருக்கிறது என்று சொல்கிறார்; மற்றவர் ஆமோதிக்கிறார்; அவ்வளவில் முடிகிறது. ஆங்கிலேயர் இருவர் சந்தித்தால் முதற்பேச்சு வானிலையைப் பற்றியதாகவே இருக்கும் என்பதைச் சாமுவேல் ஜோன்சன் 1758 இலேயே எழுதிவைத்திருக்கிறார். இதனை வெறுமையான பேச்சென்று இகழ்வோர் உண்டு. நான் அவ்வாறு கருதமாட்டேன். அந்நியராகவும் இல்லாமல் நண்பராகவும் ஆகிவிடாமல் இரு மனிதர் ஒரு கணம் சேர்ந்து நிற்பதற்கு அந்தப் பேச்சு இடங்கொடுக்கிறது.

நமது ஊரிலே அந்த இடத்தை மொழியால் அன்று, மண்ணாலும் கல்லாலும் மரத்தாலும் கட்டிவைத்தார்கள். நல்லூரின் பழைய வீடுகளை அறிந்தவர்க்கு நான் சொல்வது விளங்கும். அரைச்சுவரும் தூண்களும் கொண்ட விறாந்தை, வீட்டுக்குள்ளும் அல்ல, வெளியிலும் அல்ல. அங்கே சாய்மனைக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டால், பீலியிலிருந்து தண்ணீர் வாளியில் விழும் ஓசையைக் கேட்டவாறு, ஒழுங்கையால் குடைபிடித்துப் போகிறவரை “எங்கை இந்த மழைக்குள்ளை?” என்று கேட்கலாம், அவர் நின்று விடை சொல்லலாம், அல்லது தலையசைத்துப் போகலாம். உடம்பு முற்றாக நனையாது. சாரல் மாத்திரம் காலிலே படும். மழை ஒரு நிகழ்ச்சியாக எதிரே நடந்துகொண்டிருக்கும். கதவை அடைக்கச் சொல்லும் கட்டளையாக அது வராது. கந்தசுவாமி கோயில் மகோற்சவம் நடக்கும் இருபத்தைந்து நாளும், வெயிலிலே வரும் அடியார் கூட்டத்தை அக்கா தம் இளமையில் பார்த்ததும் இத்தகைய விறாந்தையில் இருந்துகொண்டுதான்.

விறாந்தையோடு நம் முன்னோர் அமையவில்லை. வளவின் வாயிலிலேயே கூரை வேய்ந்து, இருபுறமும் இருக்கை அமைத்த சங்கடப்படலைகள் இருந்தன. வீட்டுக்காரரை அறியாத வழிப்போக்கனும் அனுமதி கேளாமல் அங்கே ஒதுங்கலாம், குடிக்கத் தண்ணீரும் வைத்திருப்பார்கள். பருத்தித்துறையிலே தெருமூடிமடம் இன்றைக்கும் நிற்கிறது: வீதிக்கு மேலாகவே கூரையை எழுப்பி, வண்டிகள் நடுவே செல்ல, மனிதர் இரு பக்கத்துத் திண்ணைகளிலும் இருந்து இளைப்பாறும்படி கட்டிய மடம். தெருவுக்கே ஒரு விறாந்தை கட்டிக்கொடுத்த அந்த உள்ளத்தை நினைக்குந்தோறும் என் நெஞ்சு நெகிழ்கிறது.

ஹரோவின் வரிசை வீடுகளில் இவ்விதமான இடம் எதுவும் இல்லை. வெப்பத்தை உள்ளே காத்துக்கொள்ள வேண்டிய தேசத்தில் வீடுகள் அப்படித்தான் கட்டப்படும். அதைக் குறையென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. கதவைத் திறந்தால் வெளி, அடைத்தால் உள், நடுவில் ஒன்றுமில்லை. அந்நாட்டவருக்கு அந்த நடுவிடத்தை அவர்களுடைய வானிலைப் பேச்சு கொடுத்துவிடுகிறது. நம் முதியவர்களோ கல்லாற் கட்டியதை ஊரிலே விட்டுவிட்டுப் போனவர்கள். சொல்லாற் கட்டியது அவர்களுக்கு வசமாகவில்லை. அக்கா ஆங்கிலம் நன்றாக வாசிப்பார், பேசக் கூச்சம். பெற்றோரை அழைத்து வைத்திருக்கும் பிள்ளைகள் வெதுவெதுப்பான அறை கொடுக்கிறார்கள், மருந்து கொடுக்கிறார்கள், தமிழ்த் தொலைக்காட்சி கொடுக்கிறார்கள். அவர்களுடைய அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் யாருடனும் கலந்துகொள்ளாமலே யாவரோடும் இருக்கக்கூடிய ஓரிடம் வயோதிபர்க்கு உணவைப் போன்ற தேவை என்பதை அவர்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

அக்கா அதற்கு ஒரு வழியைத் தாமாகவே கண்டுபிடித்தார். அறுபது கடந்த இலண்டன்வாசிகள் பஸ்ஸிலே கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். மழைக்கோட்டை அணிந்துகொண்டு காலைச் சந்தடி ஓய்ந்த பின் புறப்பட்டு, யன்னலோரத்தில் இருந்து, பாதையின் கடைசி வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவார். வாங்குவதற்கு ஒன்றும் இல்லை, காண்பதற்கு ஒருவரும் இல்லை. மருமகளுக்கு இது பெருங் கவலையாயிருந்தது: “மாமா, அம்மா விழுந்திட்டா என்ன செய்யிறது? ஏன் இப்பிடி அலையிறா எண்டு கேளுங்கோவன்.” நான் கேட்கவில்லை. ஒருநாள் கூடவே போனேன். ஏறுபவரையும் இறங்குபவரையும், பிள்ளைவண்டியை மடக்கத் தடுமாறும் தாயையும், நனைந்த நாயோடு வந்த கிழவரையும் அக்கா பார்த்துக்கொண்டு வந்த பார்வையை நான் முன்பே அறிவேன். நல்லூர் விறாந்தையில் கண்ட அதே பார்வை.

இவ்வளவும் எழுதத் தூண்டியது, உண்மையைச் சொன்னால், இலண்டன் அன்று. என் தமையனாரின் மகள் இங்கே கட்டப்போகும் வீடு. யுத்த காலத்துக்குப் பின் நல்லூரில் எழும் வீடுகளைப் பாருங்கள்: வேலி இருந்த இடத்தில் ஆளுயர மதில், படலைக்குப் பதிலாக உள்ளே இருப்பதைக் காட்டாத இரும்புக் கதவு, விறாந்தை இருந்தாலும் கம்பிக்கிராதியால் அடைத்துப் பூட்டியிருக்கிறார்கள். குளிர் இல்லாத ஊரில் குளிர்தேசத்து வீட்டின் அடைப்பை நாமாகவே வரவழைத்துக்கொள்கிறோம். அவளுடைய வரைபடத்திலும் விறாந்தை இல்லை. நான் வற்புறுத்தியபோது, “சித்தப்பா, நுளம்புக்கு என்ன செய்யிறது? கள்ளருக்கு என்ன செய்யிறது?” என்று கேட்டாள். இரண்டும் நியாயமான கேள்விகள்; டெங்கு இந்த ஊருக்கு விளையாட்டன்று. பூட்டும் வலையும் உட்கதவுக்கும் யன்னலுக்கும் இருக்கட்டும், விறாந்தை திறந்தே கிடக்கட்டும், மதிலையும் அதன் நேரே மார்பளவுக்குக் குறைத்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். கூரையை அவ்வளவு நீட்டினால் செலவு கூடும் என்கிறார் மேசன். அந்தச் செலவை நான் தருவதாகச் சொல்லியும் அவள் இன்னும் இணங்கவில்லை. மாரி தொடங்குமுன் அத்திவாரம் போடவேண்டுமாம்; நாளைக்கும் ஒருமுறை போய்க் கதைக்கப்போகிறேன்.