பாராத பாறை

பார்க்கப்படாத பொருள் இருக்கிறதா என்ற பழைய கேள்விக்கு வீடியோ கேம்கள் ஒரு விசித்திரமான உதாரணம் தருகின்றன. பிளேஸ்டேஷன் 3-இல் கிராஃபிக்ஸுக்கென இருந்த நினைவகம் 256 மெகாபைட்தான். பெரிய விளையாட்டுகளின் டெக்ஸ்சர்களோ, அதாவது பொருள்களின் மேல் போர்த்தப்படும் பரப்புப் படங்களோ, பல ஜிகாபைட். எனவே கண்ணில் படும் பரப்புகளுக்கு உரியவை மட்டும் ஏற்றப்படும், மற்றவை வெளியேற்றப்படும். 2011-இல் வந்த 'ரேஜ்' விளையாட்டில் சட்டென்று திரும்பினால் பாறை முதலில் மங்கிய திட்டாகத் தெரியும். சற்றுக் கழித்தே விரிசலும் சொரசொரப்பும் அதில் ஏறும். வேகமாகத் திரும்புபவர் படைப்பைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

இருப்பது என்றால் அறியப்படுவதே என்று 1710-இல் தத்துவவாதி ஜார்ஜ் பார்க்லி வாதிட்டார். அத்வைதத்தின் திருஷ்டி சிருஷ்டி வாதமும் காண்பதே படைப்பு என்கிறது. அந்தப் பாறை இவர்கள் பக்கம் சாய்வதுபோல் தோன்றும். ஆனால் யாரும் பாராதபோதும் அதன் டெக்ஸ்சர் முழுதாக விளையாட்டின் வட்டில் கிடக்கிறது. தாமதத்துக்குக் காரணம் வட்டை வாசிக்கும் வேகம். பாராத நேரத்துப் பொருள்களைப் பார்க்லி கடவுளின் இடையறாத பார்வையில் வைத்தார். விளையாட்டில் அந்த இடத்தில் இருப்பது எவரும் வாசிக்காத தரவு. அது பார்வையே அல்ல. காண்பவரைச் சார்ந்திருப்பது காட்சி மட்டுமே. பார்க்லிக்கு இந்தப் பாறை சாட்சி சொல்லாது.