ஊசி போடுவது அவிசுவாசமா?



வீடு சந்திப்புக்குப் போகிற இடங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "சுகத்துக்காக ஜெபிச்சாச்சு பாஸ்டர். இனிமே இன்சுலின் ஊசி போட்டா அது அவிசுவாசம்தானே?" சிலர் கேட்காமலே நிறுத்தியும் விடுகிறார்கள். ஆகவே அந்த இன்சுலின் நம் சரீரத்தில் எப்படி உண்டாகிறது என்று இந்த மாதம் எழுதுகிறேன். பொறுமையாய் வாசியுங்கள்.

இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள் கோர்த்த சின்னச் சரம்தான். ஆனாலும் கணையத்திலுள்ள ஒரு செல் அதைச் செய்ய எத்தனை பேர் பாடுபடுகிறார்கள் பாருங்கள்! 2020-ல் மூடப்பட்ட நம்ம ரோடியர் மில்லில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு இது சட்டென்று புரியும். மாதிரி ஆபீசில் இருக்க, நகல் தறிக்கு வருவதுபோல, டி.என்.ஏ. உட்கருவைவிட்டு அசையாது, அதன் நகலான ஆர்.என்.ஏ.தான் வெளியே வரும். அதை வாசித்துச் சரம் கோர்ப்பது ரிபோசோம். இதன் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 1952-ல் அவர் பிறந்தது, கடலூரைத் தாண்டினால் வருகிற சிதம்பரத்தில்தான்!

சரத்தின் முதல் 24 அமினோ அமிலங்கள் விலாசச் சீட்டு மாதிரி. கோர்த்து முடியுமுன்னே, அந்தச் சீட்டின்படி சரம் எண்டோபிளாச வலைக்குள் போகும். அங்கே சீட்டு வெட்டப்படும். புரதத்துக்கு இப்படி விலாசம் உண்டென்று காட்டிய குந்தர் புளோபெல் 1999-ல் நோபல் பரிசு பெற்றார். உள்ளே சரம் மடிக்கப்பட்டு, மூன்று கட்டுகள் போடப்படும். மடிப்பு தப்பினது பெரும்பாலும் அங்கேயே நிறுத்தப்படும். தேறினது கோல்கை உடலத்துக்குப் போய்ச் சிறு பைகளில் அடைபடும். பைக்குள் நடுத்துண்டு வெட்டி எடுக்கப்பட்ட பிறகுதான் அது இன்சுலின். இத்தனைக்கும் சக்தி கொடுக்கிற மைட்டோகாண்ட்ரியாவை யாரும் பேசுவதில்லை. (சபையில் பாய் விரிக்கிற சகோதரர்கள் கவனிக்க! 1 கொரிந்தியர் 12-ஐ மறுபடி வாசியுங்கள்.)

முதல் வகைச் சர்க்கரை வியாதியில், சரீரத்தின் எதிர்ப்புச் சக்தியே இந்தச் செல்களை அழித்துப்போடுகிறது. தறியே இல்லை, துணி எங்கிருந்து வரும்? அவர்கள் ஊசியை நிறுத்தினால் சில நாட்களுக்குள் உயிருக்கே ஆபத்து. இரண்டாம் வகையிலும், ஊசி தேவைப்படுகிற நிலைக்கு வந்தவர்கள் தாங்களாக நிறுத்தக்கூடாது.

சரி, ஊசியில் இருப்பது என்ன? மனித இன்சுலினுக்கான செய்தியைப் பாக்டீரியாவுக்குள் வைத்துச் செய்த மருந்து 1982-ல் விற்பனைக்கு வந்தது. இப்போது ஈஸ்டிலும் செய்கிறார்கள். அந்த அற்ப ஜீவனின் ரிபோசோமும் அதே எழுத்தை வாசித்து அதே சரத்தைக் கோர்க்கிறது. எழுதினவர் யார் என்று விசுவாசிக்கு நான் சொல்ல வேண்டுமா? அந்த மருந்தை வேண்டாமென்று தள்ளுவதை விசுவாசம் என்று நான் பிரசங்கிக்கமாட்டேன்.

சுகத்துக்காக ஜெபிப்போம், கட்டாயம் ஜெபிப்போம். ஊசியைக் குறைப்பதையோ நிறுத்துவதையோ, இரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். ஊசி போடுகிறவர்கள் உபவாசக் கூட்டத்துக்கு முன்பும் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்தாலும் முன்வரிசையில் இடம் உண்டு.