நிழலுக்கு உரியவர்

தை, மாசித் திங்களில் செம்பட்டி வட்டாரக் குளங்களில் நீர் வடிய வடியக் கரையோரச் சேறு வெளிப்படுகிறது. நமக்கு அது வெறுஞ்சேறு. நீர்ப்புள்ளினத்துக்கோ படைத்தவன் விரித்த ஸுஃப்ரா. செந்நிறக் கால்கள் நீண்ட நெடுங்கால் உள்ளானும், சிறிது ஓடிச் சிறிது நின்று இரை கொத்தும் உப்புக்கொத்தியும், வடபுலச் சதுப்புகளில் குஞ்சு பொரித்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்துவரும் பொறி உள்ளானும் அவ்விரிப்பில் ஒருங்கே உண்கின்றன. காண வந்தவர் சற்று மிகுதியாக நெருங்கினாலும் கூட்டம் எழுந்து பறந்துவிடும். திரும்பும் பயணத்துக்கென உடலில் சேர்த்த வலிமை அந்தப் பதற்றத்தில் வீணாகிறது.

இங்கே ஒரு வினா எழுகிறது. கொல்லாமல் விட்டதனாலேயே பறவைக்குரிய கடமையை நாம் நிறைவேற்றியவர்களாகி விடுவோமா?

ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்ட நாளில், அப்புனித எல்லைக்குள் வேட்டைப் பிராணியை மருட்டி விரட்டவும் கூடாதென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலக்கினார்கள். விரட்டுதல் என்பது யாது? இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் மாணவர் இக்ரிமா (ரஹ்) அளித்த விளக்கத்தை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். நிழலில் ஒதுங்கிய பிராணியை அகற்றிவிட்டு அதன் இடத்தில் மனிதன் தங்குவதே அதன் பொருள் என்கிறார் அவர். அங்கே அம்பும் இல்லை, இரத்தமும் இல்லை. பிறிதோர் உயிரின் இடத்தைக் கவர்ந்ததே குற்றமாயிற்று.

"இவ்விதி ஹரம் எல்லைக்கு மட்டும் உரியதன்றோ?" எனலாம். சட்டம் அவ்வெல்லையோடு நிற்பது உண்மையே. அதற்கு வெளியே முறைப்படி வேட்டையாடுதல் ஷரீஅத்தில் ஆகுமானதே. ஆயின், சட்டம் கற்பித்த ஒழுக்கத்துக்கு எல்லைக்கல் ஏது? இஹ்ராம் உடையைக் களைந்த ஹாஜி, அதில் பழகிய இரக்கத்தையும் உடன் களைந்துவிட்டால், அவர் பெற்று வந்தது என்ன?

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிக் கண்மாய்கள் 1977இல் பறவைகள் சரணாலயமாயின. அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மருளும் என்பதற்காகத் தீபாவளியன்றும் பட்டாசு வெடிப்பதில்லை. ஹரம் எல்லையில் நாம் கற்ற ஒழுக்கத்தை நம் அண்டைச் சமூகத்தார் தம் பண்டிகை நாளில் பேணுகின்றனர்.

உழவு பறவைக்குப் பகையன்று. வயலுக்குப் பாய்ந்து வற்றிய நீரின் விளிம்பிலேதான் அது இரை தேடுகிறது. குப்பையும் இடிபாடும் கொட்டிக் குளத்தை மேடாக்கும்போது உழவனும் பறவையும் ஒருசேர இடமிழக்கின்றனர். அம்மேட்டில் மனை வாங்கியவர், "நான் எந்தப் பறவையைக் கொன்றேன்?" என்று கேட்கக்கூடும். அவர் அமர்ந்திருக்கும் நிழல் யாருடையது என்பதே இக்ரிமா (ரஹ்) அவர்களின் விளக்கம் அவரிடம் கேட்கும் கேள்வி.