கொல்லையில் ஒரு செம்மரம்

தை

இலை கொட்டத் தொடங்கிவிட்டது. ஒரு காம்புக்கு மூன்று சிற்றிலை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய வட்டம், நுனியில் மட்டும் சின்னப் பள்ளம். பெருக்கி அள்ளாமல் தூரிலேயே ஒதுக்கிவிடுகிறேன். இலை போன பிறகுதான் பட்டை கண்ணில் படுகிறது. கருமை கலந்த பழுப்பு; நெடுக்கிலும் குறுக்கிலும் வெடித்து, கட்டம் கட்டமாக, முதலைத்தோல் மாதிரி. அடிமரத்தில்தான் இந்த வெடிப்பு. மேலே போகப் போக இன்னும் இளசு, வழவழப்பு. வெடிப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று இந்த மாதத்தில் ஒருமுறை நின்று பார்ப்பேன்.

சித்தூரில் கொல்லை வைத்திருப்பவர்கள் மாங்கன்று நடுவார்கள். ஒட்டுக்கன்று என்றால் நாலைந்து வருடத்தில் காய். கோடையில் கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகத் தோத்தாபுரி போகிற ஊர் இது. இங்கே வந்து, தின்னக் காய் தராத, பேரில் சந்தனம் இருந்தும் வாசம் இல்லாத ஒரு மரத்தை மதிலோரம் வைத்திருக்கிறேன். தெலுங்கில் எர்ர சந்தனம், தமிழில் செஞ்சந்தனம், எல்லோர் வாயிலும் செம்மரம்.

மாசி

கன்று வாங்கியது திருப்பதி சாலையில் ஒரு நாற்றுப் பண்ணையில். "விக்கிறதுக்குன்னா வேணாம் சார். வெச்சிப் பாத்துக்கினு இருக்கலாம்னா எடுத்துக்கினு போங்க" என்றார் அங்கிருந்த பெரியவர். நெற்றைச் சாணக் கரைசலில் ஊறப் போட்டுத்தான் விதைப்பார்களாம். அப்படியும் பாதி கண் திறக்காதாம்.

நட்ட புதிதில், இதையா மெதுவாக வளரும் மரம் என்றார்கள் என்று கேட்கத் தோன்றும். மூன்றே வருடத்தில் ஆள் உயரத்தைத் தாண்டி எங்கோ போய்விடும். உயரத்தில் அவசரம் காட்டுகிற மரம் பருமனில் நின்றுவிடுகிறது. ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற தண்டு அடுத்த வருடமும் கைப்பிடிக்குள்ளேயே இருக்கும். அதற்கும் பின்னால், எல்லாவற்றிலும் மெதுவாக, வைரம் பாய்கிறது. பல வருடங்கள் உள்ளே வெறும் வெள்ளை. அதன் பிறகுதான் நடுவில் சிவப்பு பிடிக்கத் தொடங்கும். விலை போகிற அளவு வைரத்துக்கு 25, 30 வருடம் என்று கணக்குச் சொல்வார்கள். தண்ணீரும் உரமும் கொட்டி வளர்த்தால் மரம் பருக்கும், வைரம் பருக்காது என்றும் சொல்வார்கள்.

என் மரம் உள்ளே எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. மரத்தில் துளையிட்டு, பென்சிலைவிட மெல்லிய ஒரு துண்டை உருவி எடுத்துப் பார்க்கக் கருவி இருக்கிறது. தெரிந்த ஒருவர் கொண்டுவருவதாகக்கூடச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். சிவப்பு இருந்தால் அன்றைக்கே அது சொத்தாகிவிடும், இல்லாவிட்டால் ஏமாற்றமாகிவிடும். இப்போது அது மரமாக மட்டும் இருக்கிறது.

பங்குனி

மலைப்பாதைப் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. திருமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பள்ளத்தாக்கைப் பார்ப்பார்கள், நான் பாறையோரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மண் என்று சொல்ல ஒன்றுமில்லாத குவார்ட்சைட் சரிவில், வெயிலில் வாட்டமில்லாமல் நிற்கிறது செம்மரம். சேஷாசலம், வேலிகொண்டா, பாலகொண்டா, லங்கமலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் சில வரிசைகள், அவற்றை ஒட்டித் தமிழ்நாட்டுப் பக்கம் கொஞ்சம். இயற்கையாக அது முளைக்கிற இடம் உலகத்தில் இவ்வளவுதான். சந்தனமரம் பக்கத்து மரத்தின் வேரைப் பற்றிக்கொண்டு வாழும். இதற்கு அந்தத் தயவு தேவையில்லை. வேங்கைக்கு நெருங்கிய உறவு; அவரைக் குடும்பம்.

இதே பங்குனியில்தான், 2015 ஏப்ரல் 7 அன்று, சேஷாசலத்தில் போலீஸ் சுட்டு 20 பேர் செத்தார்கள். மரம் வெட்ட வந்தவர்கள் என்றது போலீஸ். திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கம் மலையூர்களிலிருந்து வந்த கூலி ஆட்கள். மரத்துக்குச் சொந்தக்காரர்களும் அல்ல, விற்றுச் சம்பாதிக்கிறவர்களும் அல்ல. உள்ளே சிவப்பு எவ்வளவு என்று கண்டுபிடிக்க, சாய்ப்பதற்கு முன் பட்டையைக் கொத்திப் பார்ப்பார்களாம் மரம் வெட்டுகிறவர்கள். வைரம் போதாது என்றால் அந்த மரத்தை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவார்கள். வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் அந்தக் கொத்தைத் தேடுகிறது கண். சாலையிலிருந்து அதெல்லாம் தெரியாது.

சித்திரை

பூ வந்திருக்கிறது. மஞ்சள், இதழ் ஓரம் சுருக்கம் வைத்தது, கொத்து சின்னது. மரத்துக்கடியில் தேனீச் சத்தம். கொஞ்ச நாள்தான் இதெல்லாம்.

சென்னையிலிருந்து உறவினர்கள் வந்தார்கள். 2021 டிசம்பரில் 'புஷ்பா' படம் வந்ததிலிருந்து இந்த மரத்துக்கு முன்னால் யார் நின்றாலும் ஒரே பேச்சுதான். "மாமா, புஷ்பா மரமா இது? எத்தனை கோடி தேறும்?" பட்டா நிலத்தில் நாமே நட்டு வளர்த்தாலும் வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும், கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டும் என்றேன். 1995 முதல், உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிற இனம், 2021இல் ஐயுசிஎன் அமைப்பு மறுபடியும் அழியும் ஆபத்துள்ளவற்றில் சேர்த்திருக்கிறது என்றும் சொன்னேன். கேட்ட பையனுக்குச் சுவாரசியம் போய்விட்டது. மாமரம் எங்கே என்று கேட்டான்.

புரட்டாசி

கொலுவுக்காகப் பெட்டியைத் திறந்தாள் மனைவி. அவளுடைய பாட்டி காலத்து மரப்பாச்சி ஜோடி, திருப்பதியில் வாங்கியது. அந்தக் காலத்து மரப்பாச்சி என்றால் செம்மரம்தான். முகம் தேய்ந்து மூக்கு இருக்கிற இடம் மட்டும் மேடாக இருக்கிறது. ஆண் பொம்மையின் முதுகில் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகிவிட்டது. பிள்ளைகளுக்கு வயிறு சரியில்லையென்றால் அந்தப் பக்கத்தைத்தான் கல்லில் நீர் விட்டு இழைத்துப் பூசுவார்களாம். மூன்று தலைமுறைக் குழந்தைகளுக்கு அந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது.

கழுவ எடுத்தபோது கை நழுவி வாளிக்குள் விழுந்தது. மிதக்கவில்லை, நேரே அடிக்குப் போய் உட்கார்ந்தது. வைரக்கட்டை தண்ணீரைவிடக் கனம். நெடுநேரம் கிடந்தும் தண்ணீர் நிறம் மாறவில்லை. இந்தச் சிவப்பு தண்ணீரில் கரையாத வகை. சாராயத்தில் கரையும், கல்லில் இழைத்தால் குழம்பாக வரும். ஜப்பானில் ஷாமிசென் வாத்தியத்தின் கழுத்துக்கு இந்தக் கட்டையைத் தேடி வாங்குகிறார்கள். சீனத்து அரண்மனை நாற்காலிகளுக்கும் போயிருக்கிறது. அவ்வளவு தூரம் பயணப்படுகிற மரம், ஸ்ரீகாளஹஸ்தி பக்கம் மாதவமாலாவில் சிற்பம் செதுக்குகிற வீடுகளுக்கு எட்டாத விலையில் இருக்கிறது. அந்தக் கோபம் எனக்கு உண்டு.

ஐப்பசி

மூன்று நாளாக மழை. இந்த மரம் காய்ச்சலைத் தாங்கும், தேங்கின தண்ணீரைத் தாங்காது. தூரைச் சுற்றி ஈரம் நின்றால் வேர் அழுகும். குழி எடுத்தபோதே சரளையும் செம்மண்ணும் போட்டு மேடாக்கி வைத்ததில் இதுவரை பிழைத்திருக்கிறது. 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடி மலைப்பாதையில் பாறை சரிந்தபோது, இங்கே மதிலோரம் மண்வெட்டியோடு வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தேன். இன்று காலையும் அதே வேலை. சேறு விரல் இடுக்கெல்லாம்.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவார். "அண்ணா, எனக்கும் ஒரு செடி கொடுங்க. நிழல் வேணும், மத்தியானத்துல வாசல்ல நிக்க முடியல." நிழலுக்கு என்றால் புங்கை வையுங்கள், சீக்கிரம் வரும், மண்ணும் கேட்காது என்றேன். அவருக்குச் சமாதானமாகவில்லை. உங்களுடையது மட்டும் ஏன் இது என்றார். பதில் தேடிக்கொண்டிருப்பதற்குள் அவரே முடிவு செய்துவிட்டார். புங்கை வாசலுக்கு, செம்மரம் கிணற்றடிக்கு. கிணற்றடி வேண்டாம், ஈரம் ஆகாது, மேற்கு மூலைக்கு மாற்றுங்கள் என்று மட்டும் சொன்னேன். மழை விட்டதும் குழி பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்.