பெயர்ந்து போவது எது?

பலர் பகிர்ந்து பயன்படுத்தும் ஒரு பொதுக் கணினியைப் பழைய அறையிலிருந்து புதிய அறைக்கு மாற்றத் தன்னார்வலர் குழு ஒன்று உட்கார்ந்து பேசினால், பேச்சு பெரும்பாலும் கேபிள், ராக், மின் இணைப்பு, வேன் வாடகை என்றுதான் ஓடும். சம்பளம் வாங்காத ஆட்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டுமே கிடைக்கும் ஆட்கள். வருடக்கணக்காக நிற்காமல் சுழன்ற ஹார்டு டிஸ்க்கை ஒருமுறை நிறுத்தினால் மறுபடி சுழலாமல் போகக்கூடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே எந்தப் பெட்டியை யார் மடியில் வைத்துக்கொண்டு போவது என்பதுவரை பேசித் தீர்ப்பார்கள். பேசாமல் விடுவது ஒன்று உண்டு. புதிய அறையில் விளக்குகள் எரியத் தொடங்கும்போது அங்கே இருப்பது பழைய அமைப்புதானா, அதன் பெயரைச் சூட்டிக்கொண்ட வேறொன்றா? இதைத் தத்துவக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கலாம். ஒதுக்க முடியாது என்பதும், இடமாற்றத் திட்டத்தின் ஒவ்வொரு வரியும் இந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது என்பதும் என் கட்சி.

கேள்வி பழையது. பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பல் அதே கப்பலா என்று ஏதென்ஸில் வாதிட்டார்கள் என்று புளூட்டார்க் எழுதிவைத்தார். 1655இல் தாமஸ் ஹாப்ஸ் அதில் ஒரு குறும்பைச் சேர்த்தார்: கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் பொறுக்கி வைத்திருந்து, அவற்றைக் கொண்டே இன்னொரு கப்பலைக் கட்டினால், இரண்டில் எது தீசியஸுடையது? நம் பக்கத்திலும் மிலிந்த பஞ்ஹா என்ற பௌத்த நூலில் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனிடம் தேரைக் காட்டி, அச்சா தேர், சக்கரமா தேர் என்று கேட்டு, ‘தேர்’ என்பது ஒரு வழக்குப் பெயர் என்ற இடத்துக்கு அவனை அழைத்துப் போகிறார். ஹாப்ஸின் இரண்டு கப்பல்கள் ஏட்டில் மட்டுமே மிதந்தவை. கணினியை மாற்றுகிறவர்களுக்கோ அவை உண்மையாகவே ஒரே நேரத்தில் மிதக்கின்றன. புதிய இடத்தில் நகல் ஓடத் தொடங்கிவிட்டது. பழைய இடத்தில் மூலம் இன்னும் நிற்கவில்லை. பெயரை முகவரியாக மாற்றித் தரும் பதிவேடுகள் உலகமெங்கும் பழைய எண்ணையே சில மணி நேரம் நினைவில் வைத்திருக்கும். அந்த இடைவெளியில் ஒருவர் அனுப்பும் கடிதம் பழைய பெட்டியில் போய் விழும், இன்னொருவருடையது புதியதில் விழும். இரண்டு பெட்டிகளும் தம்மையே அசல் என்று நம்பும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அந்த நினைவுக் காலக்கெடுவை முன்கூட்டியே 300 நொடிக்குக் குறைத்து, ஒரு நாள் குறித்து, அந்த நேரம் முதல் பழையதில் எவரும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டு, கடைசி நகலை எடுக்கிறார்கள். எது அசல் என்பதை இயந்திரம் சொல்லாது. மனிதர்கள் கூடி ஒரு நேரத்தை அறிவித்து, இனி இதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பொறியாளர் இங்கே குறுக்கிடுவார். பழைய டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு பிட்டும் புதியதில் இருக்கிறது, சரிபார்ப்புத் தொகை ஒத்துப்போகிறது. அப்புறம் என்ன தத்துவம்? தகவல் ஒன்றென்றால் பொருளும் ஒன்று, மற்றதெல்லாம் உணர்ச்சி. இந்த வாதத்துக்கு எதிராக நான் வைக்கும் சான்று ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. 1994 ஜனவரி 15இல் டி பாலி என்ற பண்பாட்டு மையமும் எக்ஸஸ் ஃபார் ஆல் என்ற இணைய ஆர்வலர் குழுவும் சேர்ந்து அங்கே ‘டிஜிட்டல் நகரம்’ என்ற இணையப் பொது அமைப்பைத் திறந்தன. சில வாரச் சோதனை என்று தொடங்கியது. தொலைபேசி இணைப்புகள் திணறும் அளவுக்குக் கூட்டம் வந்தது. சரியாக இரண்டாண்டு கழித்து, 1996 ஜனவரி 15இல், நகரத்தை அப்படியே உறையவைத்து நாடாவில் பதிந்தார்கள். நகரமோ சில வருடங்களில் வணிக நிறுவனமாகிக் கரைந்தது. 2011இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகம் அதை மீட்கும் வேலையைத் தொடங்கியபோது, பழைய நாடாக்களையும் அவற்றை வாசிக்கும் கருவிகளையும் தேட வேண்டியிருந்தது; பழைய குடிகளை அழைத்து அவரவர் பரணில் கிடப்பதைக் கொண்டுவரச் சொல்ல வேண்டியிருந்தது. ‘வலைத் தொல்லியல்’ என்றே அந்த வேலைக்குப் பெயர் வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள்: தகவல்தான் அமைப்பு என்றால், நாடா கிடைத்த நாளில் நகரம் திரும்பியிருக்க வேண்டும். கிடைத்தது ஒரு தொல்பொருள். மிகுந்த மதிப்புள்ள தொல்பொருள்தான். ஆனால் அதற்குள் ஒருவர் போய் நேற்றைய கேள்விக்கு இன்று பதில் எழுத முடியாது.

உடல் மாறலாம், தகவலும் போதாது என்றால் எதைப் பிடித்துக்கொள்வது? சமய மரபு இந்தச் சிக்கலை நம்மைவிட முன்பே சந்தித்திருக்கிறது. 1323இல் டில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது உற்சவ மூர்த்தியை அடியார்கள் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். வைணவ ஆசாரியரான பிள்ளை லோகாச்சாரியார் அந்தப் பயணத்திலேயே உயிர்விட்டார். மூர்த்தி ஊர் ஊராக, மலை மலையாக மறைந்திருந்து, 1371இல் விஜயநகரத் தளபதி கோபணார்யர் காலத்தில்தான் திரும்பினார். இடையில் கோயிலில் வேறொரு மூர்த்தி எழுந்தருளி வழிபாடு நடந்துகொண்டிருந்தது. யார் பழையவர்? பார்த்து அடையாளம் சொல்லக்கூடியவர்கள் எவரும் மிச்சமில்லை. திருவரங்கக் கோயிலின் வரலாற்றேடான கோயிலொழுகின் மரபு சொல்லும் விடை இது: கண் தெரியாத முதிய வண்ணார் ஒருவர், இரண்டு மூர்த்திகளின் திருமஞ்சன ஈரவாடைத் தீர்த்தத்தையும் சுவைத்து, வந்தவரே நம்பெருமாள் என்றார். இதை வரலாற்று நிரூபணமாக நான் கொண்டுவரவில்லை. ஒரு மரபு தன் தீர்ப்பை எவர் வாயில் வைத்தது என்பதுதான் எனக்கு முக்கியம். உலோகத்தை உரசிப் பார்ப்பவரிடமும் விடவில்லை, ஓலையைப் படிப்பவரிடமும் விடவில்லை. ஒரு காலத்தில் அந்த ஆடையைத் துவைத்தவரிடம் விட்டது. இடையில் வழிபடப்பட்ட மூர்த்தியையும் தள்ளிவிடவில்லை, திருவரங்க மாளிகையார் என்று பெயரிட்டு உள்ளேயே வைத்துக்கொண்டது. (பழைய சர்வரை மறுநாளே காயலான் கடைக்குப் போடத் துடிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். அது சில வாரமாவது, வாசிக்க மட்டும் திறந்தபடி, பக்கத்தில் இருக்கட்டும்.)

ஆக என் வாதம் இதுதான். பொதுவான ஓர் அமைப்பை அதே அமைப்பாக வைத்திருப்பது, அதற்குப் பொறுப்பேற்றவர்களின் சங்கிலி அறுபடாமல் இருப்பது. இன்னாரின் கடிதம் என்னிடம் இருக்கிறது, கேட்டால் கொடுப்பேன், இல்லையென்றால் ஏன் இல்லை என்று பதில் சொல்வேன் என்று ஒருவர் இன்னொருவரிடம் கைமாற்றிக்கொண்டே வருவதுதான் அதன் உயிர். ‘ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்’ என்ற 1984ஆம் ஆண்டு நூலில் டெரெக் பார்ஃபிட், தனி மனிதரைப் பொறுத்தவரை அடையாளமே முக்கியமில்லை, நினைவும் எண்ணமும் தொடர்ந்தால் போதும் என்று வாதிட்டார். தனி மனிதருக்கு அது சரியாகவே இருக்கட்டும். பொது அமைப்புக்கு நினைவு தொடர்வது போதாது. கடன்பாடும் தொடர வேண்டும். நினைவு மட்டும் தொடர்ந்த ஊரைத்தான் ஆம்ஸ்டர்டாம் நாடாவில் பார்த்தோம்.

இதைக் கேட்டதும் நடைமுறைக்காரர் சிரிப்பார். பொறுப்பு, சங்கிலி என்பதெல்லாம் நல்ல வார்த்தைகள். ஆனால் களைத்துப்போன நாலு பேர் வேன் பிடித்துப் பெட்டி தூக்குவதைவிட, நிலையான ஒரு நிறுவனத்தின் நிழலில் ஒதுங்குவதுதானே பொறுப்பு? காசு கொடுத்தால் கிளவுடில் இடம் கிடைக்கிறதே? இதில் பாதி உண்மை உண்டு. களைப்பு பொய்யில்லை, பல பொதுக் கணினிகளைக் கொன்றது பழுதைவிடக் களைப்புதான் என்று தோன்றுகிறது. மறுபாதிக்குக் கிளீவ்லாந்தைப் பாருங்கள். கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் டாம் கிரண்ட்னர் 1984இல் மருத்துவக் கேள்வி பதிலுக்காகத் தொடங்கிய ஒரு சிறு அமைப்பு, 1986இல் கிளீவ்லாந்து ஃப்ரீ நெட் ஆக வளர்ந்தது. ஊரார் யாரும் கட்டணமின்றி நுழையலாம். பகுதிகளைக் கவனித்துக்கொண்டவர்கள் தன்னார்வலர்கள். இயந்திரம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது. 2000ஆம் ஆண்டுக் கணக்குக்கு மென்பொருள் ஒத்துவராது என்ற காரணம் சொல்லப்பட்டு, 1999 செப்டம்பர் 30இல் அது மூடப்பட்டது. பல வருடம் உழைத்தவர்களுக்கு அதைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போகும் உரிமை இருக்கவில்லை. நிழல் நிலையானதுதான், மரம் அடுத்தவருடையது. பணம் மிகுந்த இடத்திலும் கதை மாறவில்லை. மைக்ரோசாப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன் சியாட்டிலில் அமைத்த லிவிங் கம்ப்யூட்டர்ஸ் அருங்காட்சியகம் பழைய பெருங்கணினிகளை ஓட்ட நிலையிலேயே வைத்திருந்தது. வெளியூர்க்காரரும் கணக்கு வாங்கிப் பயன்படுத்தலாம். அவர் 2018இல் மறைந்தார், அது 2020இல் கதவடைத்தது, 2024இல் பொருள்கள் ஏலத்துக்குப் போயின. இயந்திரங்கள் நல்ல நிலையில்தான் இருந்தன. அவற்றுக்குப் பதில் சொல்பவர்தான் இல்லாமல் போனார். கிளவுடில் வைப்பதை நான் எதிர்க்கவில்லை. பிடிக்காதபோது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெளியேற முடிகிறதா என்பதே சோதனை. இடம்பெயரத் தெரிந்த குழுவுக்கே அந்த அமைப்பு சொந்தம் என்பேன்.

இதுவரை சொன்னதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. இடம் என்பது ஓர் உறை அல்லவே; இடம்தானே கூட்டத்தை உருவாக்குகிறது? 1973 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், லியோபோல்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையின் மாடிப்படி உச்சியில், இசைக்கலைஞர்களின் அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில், ஒரு டெலிடைப் தட்டச்சுக் கருவியை வைத்தார்கள். சத்தத்தை அடக்க அதை ஒரு அட்டைப் பெட்டிக்குள் பொதித்திருந்தார்கள். கம்யூனிட்டி மெமரி என்று பெயர். லீ ஃபெல்சன்ஸ்டைன், எஃப்ரம் லிப்கின், மார்க் ஷ்பகோவ்ஸ்கி ஆகியோர் முன்னின்றவர்கள். இசைக்குழுவுக்கு வாத்தியக்காரர் தேடியவர், நல்ல பேகல் ரொட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டவர், அதைச் செய்யவே கற்றுத் தருகிறேன் என்று பதில் எழுதியவர் என்று அந்தப் படிக்கட்டு ஒரு ஊராகிவிட்டது. பிறகு கருவி வேறொரு கடைக்கும், சான் ஃபிரான்சிஸ்கோவின் நூலகக் கிளைக்கும் போனது. அங்கே வருபவர்கள் வேறு, கேட்பவையும் வேறு. அப்படியானால் இடம் மாறினால் அமைப்பும் மாறுகிறது என்றுதானே ஆகிறது? ஆம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கதையில் இரண்டு இடங்கள் இருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். படிக்கட்டில் இருந்தது டெலிடைப் மட்டும். எக்ஸ்டிஎஸ் 940 என்ற பெரிய இயந்திரம் வளைகுடாவுக்கு அக்கரையில், சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பழைய கிடங்குக் கட்டடத்தில், ரிசோர்ஸ் ஒன் குழுவினரிடம் இருந்தது. பேகல் கேட்டவர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார். அந்த இயந்திரத்தைக் கிடங்கின் வேறு தளத்துக்கு மாற்றியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. படிக்கட்டிலிருந்து டெலிடைப்பை நாலு தெரு தள்ளி வைத்தால் அவர் வராமலே போயிருக்கலாம். மக்கள் கூடும் இடம் ஒன்று, இயந்திரம் நிற்கும் இடம் இன்னொன்று. முதலாவதை மாற்றுவது சமூகத்தையே மாற்றுவது. அதை எல்லோரிடமும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். இரண்டாவதைப் பயன்படுத்துகிறவருக்கு வலிக்காமல் மாற்றுவதுதான் தன்னார்வலரின் கைத்திறன். ஆனாலும் இரண்டாவது இடமும் முழுக்க அலட்சியமானதல்ல. வாடகைச் சீட்டில் யார் பெயர், இரவில் சாவி யாரிடம், எந்த நாட்டுச் சட்டத்துக்கு அந்த அறை கட்டுப்பட்டது என்பவை எல்லாம் பொறுப்புச் சங்கிலியின் கண்ணிகள்தான்.

தன்னார்வலர் என்றாலே நம்மூரில் உடனே நிஷ்காம கர்மத்தை இழுத்துக்கொண்டு வருவார்கள்: பலனை எதிர்பாராமல் செய், போதும். எனக்கு இது பாதிக்கு மேல் சோம்பலாகவே படுகிறது. தனக்கென்று பலன் வேண்டாம் என்பது ஒரு துறவு. வேலை பலிக்குமா என்று கவலைப்படாமல் இருப்பது பொறுப்பின்மை. பேக்கப் எடுத்தேன் என்று சொல்லிவிட்டு, அதை ஒருமுறையாவது திருப்பிப் போட்டுச் சோதிக்காதவர் கீதைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. சொந்த விருப்பத்தில் வந்தவர் சொந்த விருப்பத்தில் போகலாமே, அவருக்கு ஏது கடன் என்று கேட்கலாம். போகலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் வாக்குக் கொடுப்பதில் இருக்கும் சுதந்திரம், கொடுத்த வாக்கை நடுவழியில் இறக்கிவைப்பதில் இல்லை. பாஸ்வேர்டுகளையும் கணக்குகளையும் இன்னொருவர் கையில் ஒப்படைத்து, அவர் பெற்றுக்கொண்டேன் என்று சொன்ன பிறகு போகலாம். கூலி வாங்குகிறவரின் கடமை ஒப்பந்தத்தோடு முடிகிறது. வாங்காதவரின் கடமை முடிவது இந்த ஒப்படைப்பில்தான் என்பதால், அது கூலிக்காரருடையதைவிடக் கனமானது.

இன்னும் ஒரு கேள்வி, இதில் என் வாதம் எனக்கே தொந்தரவு தருகிறது. சுமக்கப்படுகிறவர்களிடம் கேட்டோமா? ஆம்ஸ்டர்டாம் நாடாவில் உறைந்தவற்றில் நகரத்தில் வசித்தவர்களின் சொந்தக் கோப்புகளும் உண்டு. இருபத்தோராம் நூற்றாண்டில் தங்களைத் தோண்டி எடுப்பார்கள் என்று அவர்கள் எண்ணி எழுதவில்லை. எல்லாவற்றையும் பத்திரமாகக் கொண்டுபோவதே பொறுப்பு என்றால், கொண்டுபோக வேண்டாம் என்பவரின் உரிமை எங்கே நிற்கும்? இறந்தவர்களின் கணக்குகளை என்ன செய்வது? இருப்பவர்களைப் பொறுத்தவரை வழி உண்டு: மாற்றும் நாளைப் பல வாரம் முன்பே அறிவித்து, விரும்பாதவர் தம்முடையதை எடுத்துக்கொள்ளவோ அழிக்கவோ அவகாசம் தர வேண்டும். அந்த அவகாசம் தொழில்நுட்பத்துக்குத் தேவையில்லை, ஒப்புதலுக்குத் தேவை. இறந்தவர்களுடையதைத் திறந்து பார்க்காமல், பூட்டியபடியே கொண்டுபோய் வைப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். உரியவர்கள் என்று யாரேனும் வந்து கேட்டால், அன்று பொறுப்பில் இருப்பவர்கள் தனித்தனியாக யோசித்து முடிவெடுக்கட்டும். வேனில் ஏற்றும் அவசரத்தில் எடுக்க வேண்டிய முடிவல்ல அது.